ஆக்குவோரும் இயக்குவோரும்

சொல் ஒன்று தான் பிறந்தபோது கொண்ட பொருளைச் சில ஆண்டுகளுக்குள் இழந்து, அதற்கு மாறான பொருளைப் பெற்றுவிடுதலும் உலகில் உண்டு. மென்பொருட் டுறையில் இன்று எங்கும் வழங்குகின்ற ‘டெவொப்ஸ்’ என்னும் சொல் அத்தகையது. மென்பொருளை ஆக்குதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியையும், ஆக்கியதனை நாடோறும் இயக்கிப் பேணுதலைக் குறிக்கும் சொல்லின் முற்பகுதியையும் ஒட்டி அமைத்த கூட்டுச்சொல் அது. ஆக்குவோருக்கும் இயக்குவோருக்கும் இடையில் நின்ற மதிலை இடித்தல் வேண்டும் என்பதே அச்சொல்லை முதலிற் கையாண்டோரின் கருத்து. இன்றோ கொம்பனிகள் பல அப்பெயரால் தனிப் பகுதி ஒன்றை நிறுவி, அதற்கு ஆள் சேர்த்து, ஒரு மதில் நின்ற இடத்தில் இரண்டு மதில்களை எழுப்பியிருக்கின்றன. நம் கல்லூரியின் பழைய மாணவருள் இத்துறையில் உத்தியோகம் பார்ப்போர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் உளர். உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் இத்துறையை நாடி நிற்கின்றனர். ஆதலின் அச்சொல்லின் பின்னுள்ள கொள்கை யாது, அஃது எங்ஙனம் தோன்றிற்று, அதனைக் கைவிட்டவிடத்து விளைவது யாது என்பனவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மென்பொருள் அச்சிட்ட நூலைப் போன்றதன்று. நூலை அச்சேற்றி விற்பனைக்கு விட்டபின் ஆசிரியனுடைய கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. மென்பொருளோ வங்கியிலும் வைத்தியசாலையிலும் பங்குச் சந்தையிலும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பது, ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தப்படுவது. நெடுங்காலமாக இவ்வேலை இரு கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நிரல் எழுதுவோர் ஒரு சாரார். எழுதிய நிரலைச் சேவையகக் கணினிகளில் ஏற்றி, அது நின்றுவிடாமற் காப்போர் மற்றொரு சாரார். முன்னவருக்குப் பாராட்டும் பதவியுயர்வும் கிடைப்பது புதியன புகுத்துவதால். பின்னவருக்கோ அவை கிடைப்பது யாதொரு குழப்பமும் நேராதிருப்பதால். குழப்பம் பெரும்பாலும் புதியன புகும்போதே நேர்வதாதலின், ஒருவர் தம் கடமையைச் செம்மையாகச் செய்யுந்தோறும் மற்றவருக்குத் தொல்லை மிகுகின்றது. இரு சாராரும் நல்லவர். இரு சாராரும் திறமையுடையவர். ஆயினும் ஒருவரையொருவர் ஐயுறும்படி அந்த ஏற்பாடே அவர்களைச் செய்துவிடுகின்றது. நிரல் எழுதியவர், ‘என் கணினியில் அது சரியாக ஓடிற்று’ என்பார். இயக்குபவர், ‘எங்கள் கணினியில் ஓடவில்லையே’ என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

இந்தப் பிரிவினையின் இடையில் விழும் சிறு பிழை எத்துணைப் பெருங்கேடாக முடியும் என்பதற்கு, நைற் கப்பிற்றல் என்னும் அமெரிக்கத் தரகுக் கொம்பனிக்கு 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 1ஆம் திகதி நேர்ந்ததனைச் சற்று விரிவாகவே கூறுதல் தகும். நியூயோர்க் பங்குச் சந்தை, சிறு முதலீட்டாளருக்கான புதிய திட்டம் ஒன்றை அன்று தொடங்க இருந்தது. அதற்கேற்ப அக்கொம்பனி, பங்குக் கட்டளைகளைப் பல சந்தைகளுக்கும் பகிர்ந்தனுப்பும் தன் மென்பொருளைத் திருத்திற்று. அம்மென்பொருள் எட்டுச் சேவையகக் கணினிகளில் ஓடியது. யூலை 27ஆம் திகதி தொடங்கி, அடுத்தடுத்த நாள்களிற் சிற்சில கணினிகளாகப் புதிய நிரல் ஏற்றப்பட்டது. ஏற்றிய தொழினுட்பவியலாளர் ஏழு கணினிகளில் அதனை ஏற்றினார். எட்டாவது விடுபட்டுப் போயிற்று. அவருடைய வேலையை மற்றொருவர் சரிபார்க்கவில்லை. சரிபார்த்தல் வேண்டும் என்னும் எழுத்து விதியும் அங்கில்லை.

விடுபட்ட கணினியில் ‘பவர் பெக்’ என்னும் பழைய நிரற்பகுதி ஒன்று இருந்தது. அதன் பயன்பாடு 2003ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. ஆயினும் அஃது அகற்றப்படாமற் கிடந்தது. கேட்ட தொகைப் பங்குகள் கைக்கு வந்தனவா என எண்ணி, வந்தவுடன் மேலும் கட்டளை போகாமல் நிறுத்துவதற்கு உதவிய உறுப்பு 2005ஆம் ஆண்டில் மென்பொருளில் வேறோரிடத்துக்கு மாற்றப்பட்டது. அங்ஙனம் மாற்றிய பின்னர் பவர் பெக் ஒழுங்காக ஓடுகின்றதா என்று எவரும் சோதித்திலர். வழக்கொழிந்த ஒன்றினை யார்தாம் சோதிப்பர்? இனி, கட்டளையொன்றை எவ்வழியிற் செலுத்துவதென மென்பொருளுக்குக் காட்டும் சிறு குறியைக் கொடி என்பர். புதிய நிரலை எழுதியோர், முன்னாளிற் பவர் பெக்கை எழுப்பிய அதே கொடியைப் புதிய திட்டத்துக்குரிய கொடியாக எடுத்தாண்டனர். ஏழு கணினிகளிற் புதிய திட்டத்தைச் சுட்டிய கொடி, எட்டாவது கணினியில் ஒன்பது ஆண்டுகளாக உறங்கிக் கிடந்ததைத் தட்டி எழுப்பிற்று.

காலை 9.30 மணிக்குச் சந்தை திறந்தது. ஏறக்குறைய 45 நிமிடத்துக்குள், வாடிக்கையாளரிடமிருந்து வந்த 212 கட்டளைகளின் பொருட்டு அம்மென்பொருள் பல மில்லியன் கட்டளைகளைச் சந்தைக்கு அனுப்பியது. அவற்றுள் 40 இலட்சத்துக்கு மேற்பட்டவை நிறைவேறின. 154 கொம்பனிகளின் பங்குகளில் 397 மில்லியனுக்கு அதிகமானவை கைமாறின. கொம்பனிக்கு ஏற்பட்ட நட்டம் 460 மில்லியன் டொலருக்கு மேற்பட்டது. இன்னும் துயரமானது ஒன்றுண்டு. அன்று காலை 8.01 மணி முதல், அதாவது சந்தை திறப்பதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே, பவர் பெக்கின் பெயர் சுட்டிப் பிழை அறிவிக்கும் 97 மின்னஞ்சல்களைக் கணினி தானாகவே ஊழியருக்கு அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாக அமைக்கப்பட்டவையல்ல; அவற்றை வாசிக்கும் வழக்கமும் ஊழியரிடத்து இல்லை. குழப்பம் மூண்டபின் அதனைத் தீர்க்க முயன்றோர், புதிய நிரலே குற்றமுடையதென எண்ணி, அது செவ்வையாக ஏற்றப்பட்டிருந்த ஏழு கணினிகளிலிருந்தும் அதனை நீக்கினர். அவ்வளவில் அந்த ஏழும் எட்டாவதைப் போலவே ஆடத் தொடங்கின. சில நாள்களுள் முதலீட்டாளர் சிலர் 400 மில்லியன் டொலர் அளித்துக் கொம்பனியைத் தாங்கினர். மறு ஆண்டில் அது வேறொரு கொம்பனியுடன் இணைந்து தன் தனிநிலையை இழந்தது. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு, 2013ஆம் ஆண்டு ஒக்டோபரில் 12 மில்லியன் டொலர் தண்டம் விதித்து வெளியிட்ட கட்டளையில் இவ்விவரங்கள் யாவும் காணப்படுகின்றன.

இதனைக் கேட்போர் முதலில் வினாவுவது, அந்தத் தொழினுட்பவியலாளரை வேலையினின்றும் நீக்கினார்களா என்பதே. அவ்வினாவாற் பயனில்லை என்பது நம் துணிபு. எட்டுக் கணினிகளிற் கையால் ஒவ்வொன்றாக நிரலை ஏற்றும் எவரும், என்றேனும் ஒருநாள் ஒன்றை விட்டுவிடவே செய்வர். எந்தக் கணினியில் எந்த நிரல் உளது என்பதைத் தானே ஒப்பிட்டுக் காட்டும் பொறிமுறை இல்லாமை, பழையதை அகற்றாமை, பிழைச்செய்தி உரியவரைச் சேராமை, இடர் வந்துழிச் செய்யவேண்டுவன முன்னரே வகுக்கப்படாமை ஆகிய இவையே கேட்டின் வேர்கள். இவற்றுள் எதுவும் தனியொருவருடைய வேலையன்று. நிரலை ஆக்கியோரும் அதனை இயக்கியோரும் ஒருங்கிருந்து, ‘இக்கொடி முன்பு எதற்கு இருந்தது? ஒரு கணினியில் மாத்திரம் பழைய நிரல் தங்கிவிட்டால் யாது நிகழும்?’ என்று அரைமணி நேரம் உசாவியிருப்பின், அந்நாள் வேறுவிதமாகக் கழிந்திருத்தல் கூடும்.

அங்ஙனம் ஒருங்கிருந்து உசாவுதலைக் கொள்கையாக்க முயன்றோரின் வரலாறு, அதற்குச் சில ஆண்டு முந்தியது. பெல்ஜியம் நாட்டினரான பற்றிக் டெபுவா என்பார், அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் கணினிகளை இடமாற்றும் பணியில் ஈடுபட்டபோது, ஒருநாள் ஆக்குவோரிடையும் மறுநாள் இயக்குவோரிடையும் இருந்து வேலை செய்ய நேர்ந்து, இரு சாராரின் மனப்பாங்கும் வேறுபட்டிருந்தமை கண்டு சலித்தார். 2009ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கலிபோர்ணியாவில் நடந்த ஒரு மாநாட்டில், பிளிக்கர் என்னும் நிழற்படச் சேவையைச் சேர்ந்த ஜோன் ஆல்ஸ்போ, போல் ஹமொண்ட் ஆகிய இருவரும் தாங்கள் நாளொன்றுக்குப் பத்து முறைக்கு மேல் புதிய நிரலை ஏற்றி வருவதாகக் கூறி, அது தங்களுக்கு இயன்ற வகையையும் விளக்கினர். ஒருவர் ஆக்குவோரின் தலைவர். மற்றவர் இயக்குவோரின் தலைவர். இவ்வுரையைத் தம் நாட்டிலிருந்தே கேட்ட டெபுவா, அவ்வாண்டு ஒக்டோபர் மாத இறுதியிற் கென்ற் நகரத்தில் இரண்டு நாட் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். அக்கூட்டத்துக்கு இட்ட பெயரின் சுருக்கமே பின்னர் இக்கொள்கைக்குப் பெயராயிற்று.

நாளொன்றுக்குப் பத்து முறை என்று கேட்டோர் அந்நாளில் திகைத்தனர். ஆண்டுக்கு இருமுறை ஏற்றும்போதே இத்தனை தொல்லை நேரின், நாடோறும் பத்து முறை ஏற்றுவோர் கதி என்னாம் என்பது அவர்களின் ஐயம். உண்மை அதற்கு மறுதலையானது. நாடோறும் மாலையிற் கணக்கை முடித்துக் காசுப் பெட்டியுடன் ஒப்பிடும் கடைக்காரர், பத்து ரூபாய் குறைந்தால் அன்றைய விற்பனைக்குள் அதனைத் தேடிக் கண்டுகொள்வார். ஆண்டிறுதியில் மாத்திரம் கணக்குப் பார்ப்பவர் எங்கே தேடுவார்? ஆறு மாதத்து மாற்றங்கள் ஐந்நூற்றை ஒருசேர ஏற்றுமிடத்து, பிழை எதனால் வந்ததென்று அறிவதற்கே பல நாள் செல்லும். ஒரே ஒரு சிறு மாற்றத்தை ஏற்றுமிடத்து, பிழை வந்தால் அதற்குக் காரணம் அதுவே. மீளப் பெறுவதும் எளிது. அன்றியும், எழுதியவர் தாம் எழுதியதை மறந்திரார். அடிக்கடி ஏற்றுவது துணிச்சலாற் செய்வதன்று. அச்சத்தாற் செய்வது என்றுகூடச் சொல்லலாம்.

ஆயினும் அடிக்கடி ஏற்றுதற்குக் கையுழைப்பு உதவாது. ஏழில் ஏற்றி எட்டாவதை விடுதல் மனித இயல்பு. ஆதலின் நிரலில் மாற்றம் எழுதப்பட்டவுடன் சோதனைகள் தாமே நடைபெறவும், தேறிய நிரல் எல்லாக் கணினிகளிலும் ஒரே வகையாகத் தானே ஏறவும் ஏற்பாடு செய்கின்றனர். கணினிகள் எவ்வெவ்வாறு அமைந்திருத்தல் வேண்டும் என்பதும் நிரலைப் போலவே எழுத்தில் எழுதப்பட்டு, யார் எப்போது எதனை மாற்றினார் என்னும் பதிவோடு பேணப்படுகின்றது. இக்கருத்தின் வேர் கணினிக்கும் முற்பட்டது. யப்பானியரான சக்கிச்சி ரொயோடா அமைத்த தறி, ஓர் இழை அறுந்தவுடன் தானே நின்றுவிடும். பழுதான துணி ஓர் முழமேனும் நெய்யப்படமாட்டாது. அவர் குடும்பத்தார் பின்னர் நிறுவிய மோட்டார்த் தொழிற்சாலைகளில், குறை கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து வேலை வரிசையை நிறுத்தலாம் என்னும் முறை வந்தது. பிழையை அது பிறந்த இடத்திலேயே தடுத்தல், தடுக்கும் உரிமையைக் கடைசித் தொழிலாளிக்கும் அளித்தல் என்னும் இவ்விரண்டும் ரொயோட்டாத் தறியிலிருந்து மென்பொருட் டுறைக்கு வந்த செல்வங்கள். நைற் கொம்பனியில் இழை 97 முறை அறுந்தது, தறி நிற்கவில்லை.

டேமன் எட்வேட்ஸ், ஜோன் வில்லிஸ் என்னும் இருவர் 2010ஆம் ஆண்டில் இக்கொள்கையை நான்காகத் தொகுத்தனர்: பண்பாடு, தன்னியக்கம், அளவிடுதல், பகிர்தல். யப்பானியரின் வீண்விரயம் களைதல் என்னும் ஒன்றனைப் பின்னர் ஜெஸ் ஹம்பிள் என்பார் சேர்த்தார். இவற்றுள் தன்னியக்கம் ஒன்றே பணங்கொடுத்து வாங்கத்தக்கது. ஆதலினாற்றான் கொம்பனிகள் அதனை மட்டும் வாங்கிவிட்டு, ஏனையவும் வந்துவிட்டன என்று எண்ணி அமைகின்றன. பண்பாடு முதலில் வைக்கப்பட்டமை தற்செயலன்று.

பண்பாடு என்று அவர்கள் கருதியது யாதென்பதை மற்றொரு விபத்தாற் காட்டலாம். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி இரவு, கிற்லாப் என்னும் கொம்பனியின் பொறியியலாளர் ஒருவர், பழுதான துணைத் தரவுத்தளத்தை அழிப்பதாக எண்ணி, இயங்கிக்கொண்டிருந்த முதன்மைத் தரவுத்தளத்தை அழிக்கக் கட்டளையிட்டுவிட்டார். ஓரிரு விநாடிக்குள் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறக்குறைய 300 கிகாபைற் அளவினதான தரவில் 4.5 கிகாபைற்றே எஞ்சியிருந்தது. காப்புப் பிரதிகளை நாடினர். அன்றாடம் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பிரதி, மென்பொருட் பதிப்பு ஒவ்வாமையால் எடுபடாமலே இருந்தது. எடுபடவில்லை என்று அறிவித்த மின்னஞ்சல்களோ, அஞ்சற் சேவையால் மறுக்கப்பட்டு எவரையும் சேராதிருந்தன. ஈண்டும் வாசிக்கப்படாத அஞ்சல்! நற்காலமாக, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்த பிரதி ஒன்று இருந்தது. அதனைக் கொண்டு மீட்டனர். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தின் தரவு மீளவில்லை.

அக்கொம்பனி அதன்பிற் செய்ததே நாம் பாராட்டற்பாலது. மீட்பு வேலையை மறைவிற் செய்யாது, உலகத்தார் காண ஒளிபரப்பிக்கொண்டே செய்தனர். காப்புப் பிரதிகள் எவையெவை ஏன் பயன்படவில்லை என்பதை ஒளிவின்றி எழுதி வெளியிட்டனர். கட்டளையிட்டவர் நீக்கப்பட்டிலர். பிளிக்கர் பற்றி மேலே கூறிய ஆல்ஸ்போ, எற்சி என்னும் கொம்பனியில் இருந்தபோது 2012ஆம் ஆண்டில் இம்முறைக்கு வேண்டிய நியாயத்தை எழுதியிருந்தார். தண்டனைக்கு அஞ்சுபவன் நடந்ததை முழுதும் சொல்லான். முழுதும் தெரியாதவிடத்து அதே விபத்து மீண்டும் வரும் என்பது அதன் சாரம். இதனைப் பொறுப்பின்மைக்கு இடங்கொடுத்தல் என்று எண்ணுதல் தவறு. விபத்தின் வரலாற்றைத் தன் வாயாற் கூறி, அதனைத் தடுக்கும் வேலையிலும் முன்னிற்பதே அம்முறையிற் பொறுப்பு எனப்படுவது. பிரம்பும் தண்டப் பணமும் கொண்டு வளர்ந்த நம் போன்றோருக்கு இஃது எளிதில் உடன்பாடாவதன்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

அளவிடுதல் பற்றிச் சுருங்கக் கூறுவோம். நிக்கோல் போர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோர் 2018இல் வெளியிட்ட நூல் நான்கு அளவைகளை வற்புறுத்தியது: எத்துணை அடிக்கடி ஏற்றுகின்றனர், எழுதிய மாற்றம் பயனாளரைச் சேர எத்துணைக் காலம் ஆகின்றது, ஏற்றியவற்றுள் எத்தனை பழுதாகின்றன, பழுதானபின் மீள எவ்வளவு நேரம் செல்கின்றது. முதலிரண்டும் விரைவைப் பற்றியன. பின்னிரண்டும் உறுதியைப் பற்றியன. விரைவில் முந்தியோரே உறுதியிலும் முந்தி நின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. கூகிள் கொம்பனியில் 2003ஆம் ஆண்டு தொடங்கி வளர்ந்த முறை இதனினும் சுவையானது. ஒரு சேவை நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் இயங்கினாற் போதும் என்று இரு சாராரும் முன்னரே உடன்படுவராயின், 30 நாளில் ஏறக்குறைய 43 நிமிடம் அது தவறலாம். அந்த 43 நிமிடமே பிழைக்குரிய பாதீடு. அது மிஞ்சியிருக்குமளவும் புதியன ஏற்றலாம். செலவாகிவிட்டால், திருத்த வேலையன்றிப் புதியது எதுவும் ஏறாது. ஆக்குவோரும் இயக்குவோரும் வாதாடிய இடத்தில் ஓர் எண் வந்து அமர்ந்துகொண்டது.

தன்னியக்கத்தை வாங்கிய அளவில் அமைந்துவிடுதலின் தீங்கை 2024ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி உலகம் கண்டது. கிரவுட்ஸ்றைக் என்னும் கணினிப் பாதுகாப்புக் கொம்பனி அனுப்பிய குறையுடைய கோப்பு ஒன்று, 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதென மைக்ரோசொவ்ற் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் இடர்ப்பட்டன. கோப்பை அனுப்பி 78 நிமிடத்தில் மீளப் பெற்றனர். ஆயினும் முடங்கிய கணினிகளுட் பலவற்றை ஆள் சென்று கையாற் சீர்செய்ய வேண்டியதாயிற்று. தம் மென்பொருளின் புதிய பதிப்புகளைப் படிப்படியாக ஏற்றிவந்த அக்கொம்பனி, இவ்வகைக் கோப்புகளுக்கு அம்முறையைக் கைக்கொள்ளாமல் எல்லோருக்கும் ஒரே வேளையில் அனுப்பியிருந்தது. கையால் ஏற்றியவன் எட்டில் ஒன்றை விட்டான்; பொறியோ ஒன்றையும் விடாமல் எல்லாவற்றிலும் பிழையை ஏற்றிற்று.

இப்பெயர் பூண்ட உத்தியோகத்துக்கு நேர்முகப் பரீட்சை காணச் செல்லும் நம் மாணவர், தம்மை வினாவுவோரிடத்துத் தாமும் சில வினாக்களைப் பணிவோடு கேட்கலாம். இரவு இரண்டு மணிக்குச் சேவை நின்றுவிட்டால் எழுப்பப்படுபவர் யார்? அமேசன் கொம்பனியின் தொழினுட்பத் தலைவர் வேர்னர் வோகல்ஸ், ஆக்கியவரே இயக்கவும் வேண்டும் என்னும் விதி தம்மிடத்து உண்டென 2006ஆம் ஆண்டிலேயே ஒரு பேட்டியிற் கூறினார். எழுப்பப்படுபவர் நிரல் எழுதியவரல்லாத வேறொரு பகுதியார் மட்டுமே என்று விடை வருமாயின், அங்கு மதில் இன்னும் நிற்கின்றது. ஒரு வரி திருத்தம் பயனாளரைச் சேர எத்தனை நாளாகும், எத்தனை பேர் ஒப்பம் வேண்டும் என்றும் கேட்கலாம். காப்புப் பிரதி எடுக்கின்றீர்களா என்று கேட்பதிற் பயனில்லை. எல்லோரும் ஆம் என்பர். அப்பிரதியிலிருந்து கடைசியாக மீட்டுப் பார்த்த திகதி எது என்று கேட்டல் வேண்டும்.